மூலக் கோப்பைத் திறந்து காட்டுங்கள்: லாடெக் கையேடு எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புடையீர்,

வணக்கம்.

நூல்களுக்கும் ஆய்வுக் கட்டுரைகளுக்கும் பக்கம் அமைக்கும் லாடெக் மென்பொருளுக்குத் தொடக்கநிலைக் கையேடு எழுதுகிறவர்கள், பயிற்சி வகுப்பு நடத்துகிறவர்கள், ஆவணத்தின் தோற்றத்தை வகுக்கும் கிளாஸ் கோப்புகளையும் கூடுதல் வசதிகளைத் தரும் பேக்கேஜ்களையும் எழுதிக் காசு வாங்காமல் கொடுக்கிறவர்கள் ஆகிய உங்கள் எல்லாருக்கும் சேர்த்து இந்த மடலை எழுதுகிறேன். உங்கள் உழைப்பால்தான் எங்கள் வீட்டில் உலை கொதிக்கிறது. அந்த நன்றியோடுதான் இந்தக் குறையையும் சொல்கிறேன். தொடக்கநிலைக் கையேடுகள் நிற்க வேண்டிய இடத்துக்கு முன்பே நின்றுவிடுகின்றன. எந்தக் கட்டளையை எங்கே எழுத வேண்டும் என்று சொல்கின்றன. அந்தக் கட்டளை எந்தக் கோப்பில் பிறந்தது, அதை எப்படித் திறப்பது, திறந்தால் எங்கிருந்து படிப்பது என்று சொல்வதில்லை. வல்லுநரான பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கிவிடுகின்றன. பெரும்பாலானவர்களுக்கு அந்தப் பிறகு வருவதே இல்லை.

வெளிநாட்டு ஆய்விதழ்கள் பலவற்றின் பக்கங்கள் சென்னையிலும் புதுச்சேரியிலும் திருவனந்தபுரத்திலும் உருவாகின்றன என்பது நம் ஊரிலேயே பலருக்குத் தெரியாது. லாடெக்குக்கு அடிப்படையான டெக் மென்பொருளின் பயனர் குழுமம் தன் ஆண்டு மாநாட்டை 2002இலும் 2011இலும் திருவனந்தபுரத்தில் நடத்தியிருக்கிறது. அந்த அளவுக்கு இந்தத் தொழில் இங்கே வேரூன்றியது. புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்குக் கற்றுக்கொடுப்பது என் பணி. கணிதமோ இயற்பியலோ படித்துவிட்டு வருகிற பிள்ளைகள். கெட்டிக்காரர்கள். உங்கள் கையேடுகளை முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை படித்துவிட்டே வருகிறார்கள். அட்டவணை போடுவார்கள், சமன்பாடுகளை வரிசைப்படுத்துவார்கள், மேற்கோள் பட்டியலைக் கொண்டுவந்து சேர்ப்பார்கள். "தலைப்புக்கு அடுத்து வரும் முதல் பத்தி ஏன் உள்ளே தள்ளித் தொடங்குவதில்லை?" என்று கேட்டால் மட்டும், "அது அப்படித்தான் வரும் சார்" என்பார்கள். அவர்களிடம் தவறில்லை. அது ஏன் அப்படி வருகிறது என்று தேடிப் பார்க்க ஓர் இடம் இருக்கிறது என்பதையே யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை.

ஓர் எடுத்துக்காட்டை நிதானமாகப் பார்ப்போம். ஏ4 தாளில், கட்டுரைகளுக்கான ஆர்ட்டிகிள் கிளாஸை வைத்து முதல் பக்கத்தை எடுத்தவுடன் எல்லாரும் கேட்கிற கேள்வி: இருபுறமும் ஏன் இத்தனை இடம் காலியாகக் கிடக்கிறது? தாளின் அகலம் 21 சென்டிமீட்டர். எழுத்து ஓடும் அகலமோ 12 சென்டிமீட்டரைச் சற்றுத்தான் தாண்டுகிறது. நான் பார்த்த கையேடுகளில் பெரும்பாலானவை இதற்கு ஒரே பதிலைத் தருகின்றன. ஜியாமெட்ரி பேக்கேஜைச் சேருங்கள், ஓரம் ஓர் அங்குலம் என்று எழுதுங்கள், அடுத்த பாடத்துக்குப் போகலாம்.

இதையே மூலக் கோப்பின் வழியாகச் சொல்லிப் பாருங்கள். ஆர்ட்டிகிள் கிளாஸின் கோப்பைத் திறந்தால் தலைப்பகுதியிலேயே ஓர் அறிவிப்பு இருக்கிறது. இந்தக் கோப்பு டாக்ஸ்டிரிப் என்ற கருவியால் உருவாக்கப்பட்டது, இதன் அசல் 'கிளாசஸ்' என்ற டிடிஎக்ஸ் கோப்பு என்று அது சொல்கிறது. புதியவர்கள் இந்த வரிகளைத் தாண்டிப் போய், விளக்கம் ஒன்றுமே இல்லாத நிரலைப் பார்த்து மிரண்டு, கோப்பை மூடிவிடுகிறார்கள். கணினியின் நினைவகம் சிறிதாகவும் வேகம் குறைவாகவும் இருந்த காலத்தில், விளக்க வரிகளை எல்லாம் உரித்துவிட்டு நிரலை மட்டும் பயன்பாட்டுக்குக் கொடுப்பதற்காக வந்த ஏற்பாடு இது. விளக்கங்கள் எங்கும் போய்விடவில்லை. அசல் கோப்பில் சதவீதக் குறியோடு தொடங்கும் வரிகளாக அப்படியே இருக்கின்றன. அந்த அசலையே லாடெக்கில் ஓட்டினால் தலைப்பும் பொருளடக்கமும் கொண்ட ஒரு புத்தகமாக வெளிவரும். டெக்ஸ்டாக் என்ற கட்டளையைத் தட்டி கிளாசஸ் என்று பெயர் கொடுத்தால் பெரும்பாலான கணினிகளில் அந்தப் புத்தகம் உடனே திறக்கும். இந்த ஒரு செய்தியைச் சொல்ல எத்தனை வரி வேண்டும்?

அந்தப் புத்தகத்தில் எழுத்து அகலத்தைக் கணக்கிடும் இடத்துக்குப் போவோம். தாளின் அகலத்திலிருந்து 2 அங்குலம் கழித்து ஒரு பெட்டியில் வைக்கிறார்கள். இன்னொரு பெட்டியில் 345 புள்ளி (புள்ளி என்பது அச்சுத் தொழிலின் நீள அலகு) என்ற அளவை வைக்கிறார்கள். இரண்டில் எது சிறியதோ அதுவே வரியின் அகலம். இது 10 புள்ளி எழுத்துக்கு. 11 புள்ளிக்கு 360, 12 புள்ளிக்கு 390. எங்கிருந்து வந்தது இந்த 345? நிரலுக்கு மேலேயே விடை இருக்கிறது. ஏறத்தாழ 60 முதல் 70 எழுத்துகள் கொண்ட ஒரு வரியின் நீளம் அது. கம்ப்யூட்டர் மாடர்ன் எழுத்துருவுக்கு ஓரளவு பொருந்தும் அளவு என்றும் எழுதிவைத்திருக்கிறார்கள்.

இதைப் படித்தவருக்கு என்னென்ன கிடைக்கிறது என்று பாருங்கள். ஓரத்தில் கிடக்கும் இடம் வீணல்ல, வரி அளவுக்கு மீறி நீண்டால் கண் அடுத்த வரியின் தொடக்கத்தைத் தவறவிடும் என்பதற்காக விட்ட இடம் என்று தெரிகிறது. தாளைப் பெரிதாக்கினாலும் எழுத்து அகலம் ஏன் கூடுவதில்லை என்று தெரிகிறது. தமிழில் புத்தகம் போடுகிறவருக்கு இன்னொன்றும் கிடைக்கிறது. 345 என்பது ஒரு குறிப்பிட்ட ரோமன் எழுத்துருவை வைத்துப் போட்ட கணக்கு. நம்முடைய ணகரமும் ஞகரமும் ஐகார, ஔகார உயிர்மெய்களும் அகலமானவை. அதே 345 புள்ளியில் தமிழ் எழுத்துகள் குறைவாகவே அடங்கும், வரி நெருக்கடியில் சொற்களுக்கு இடையே பள்ளம் விழும். எனவே அந்த அளவைத் தமிழுக்காக மறுபடி யோசித்தாக வேண்டும் என்ற முடிவுக்கு அவர் தாமாகவே வந்துவிடுவார். ஜியாமெட்ரி பேக்கேஜை நான் குறை சொல்லவில்லை, எங்கள் வேலையிலும் அதைத்தான் பயன்படுத்துகிறோம். ஆனால் ஏன் என்று தெரிந்து மாற்றுகிறவரும் தெரியாமல் மாற்றுகிறவரும் ஒரே பக்கத்தைத் தருவதில்லை.

"புதியவர்களைப் பயமுறுத்தக் கூடாது, அதனால்தான் மூலத்தைக் காட்டுவதில்லை" என்று நீங்கள் சொல்வீர்கள். லாடெக்குக்கு அடிப்படையான டெக்கை உண்டாக்கியவர் அப்படி நினைக்கவில்லை. டொனால்ட் கனூத், 1977இல் தம் 'தி ஆர்ட் ஆஃப் கம்ப்யூட்டர் புரோகிராமிங்' நூலின் இரண்டாம் தொகுதிக்கு வந்த அச்சுப்படிகளின் அழகின்மையைப் பொறுக்க முடியாமல் டெக் வேலையைத் தொடங்கினார். 1984இல் வெளியான டெக்புக் என்ற தம் கையேட்டில், கடினமான பத்திகளின் ஓரத்தில் அபாய வளைவைக் காட்டும் சாலைக் குறியை வைத்தார். முதல் வாசிப்பில் இதைத் தாண்டிப் போகலாம் என்று அதற்குப் பொருள். இன்னும் கடினமானதற்கு இரட்டைக் குறி. தாண்டிப் போகச் சொன்னாரே தவிர, அந்தப் பத்திகளை வேறொரு நூலுக்குக் கடத்தவில்லை. புதியவர் படிக்கும் அதே பக்கத்தில், அதே விதிக்குக் கீழேயே ஆழமும் இருந்தது. முன்னுரையில் இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறார். முதலில் சொல்லும் எளிய விதிகள் முழு உண்மை அல்ல, பின்னால் அவற்றைத் திருத்துவேன் என்கிறார். சொன்னபடி திருத்தவும் செய்கிறார். இன்றைய கையேடுகள் அந்த முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டன. எளிய விதியைச் சொல்கின்றன, திரும்பி வந்து திருத்துவதில்லை. அபாயக் குறியோடு சேர்த்து அந்தப் பத்திகளையும் எடுத்துவிட்டன.

1986இல் அவர் டெக் நிரல் முழுவதையும் விளக்கங்களோடு ஒரு நூலாகவே வெளியிட்டார். நிரலும் விளக்கமும் ஒரே கோப்பில் இருக்கும். ஒரு கருவி அதிலிருந்து கணினிக்கு வேண்டியதைப் பிரித்தெடுக்கும், இன்னொரு கருவி மனிதர் படிப்பதற்கான பக்கங்களை உருவாக்கும். லாடெக்கின் டிடிஎக்ஸ் கோப்புகள் அந்த மரபில் வந்தவை. படிப்பதற்கென்றே எழுதப்பட்ட மூலத்தைக் கையில் வைத்துக்கொண்டு அதைப் படிக்காதே என்று புதியவரிடம் சொல்வது எனக்கு ஆற்றாமையைத் தருகிறது.

லெஸ்லி லாம்போர்ட் 1980களின் தொடக்கத்தில் டெக்கின் மேல் லாடெக்கை எழுதியபோது, எழுத்தாளர் தோற்றத்தைப் பற்றிக் கவலைப்படாமல் உள்ளடக்கத்தைக் கவனிக்கட்டும் என்பதே நோக்கம். நல்ல நோக்கம். ஒரே ஓர் ஆய்வேடு எழுதப் போகிறவருக்கு மூலக் கோப்பு எதற்கு என்று அதை வைத்து நீங்கள் கேட்கலாம். அவருக்குத்தான் மிகவும் தேவை. பல்கலைக்கழகம் கேட்கும் ஓர அளவும் தலைப்பு அமைப்பும் எந்தக் கிளாஸிலும் அப்படியே கிடைப்பதில்லை. எனவே மூத்த மாணவரின் கோப்பு கைமாறுகிறது. அவருக்கு அவருடைய மூத்தவர் கொடுத்தது. முகப்புப் பகுதியில் வரிவரியாகப் பேக்கேஜ்கள், ஒன்றை எடுத்தால் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது. அடுத்தவர் மருந்துச்சீட்டைக் காட்டி மருந்து வாங்குவது போன்றது இது. கோப்பின் எழுத்துக் குறியாக்கம் யுடிஎஃப்-8 என்று அறிவிக்கும் இன்புட்என்க் வரியை இன்னும் எல்லாக் கோப்பிலும் பார்க்கிறேன். 2018 ஏப்ரல் வெளியீட்டிலிருந்தே லாடெக்கில் அது இயல்பாகிவிட்டது. அந்த வரி கெடுதல் செய்யவில்லை, ஆனால் அது ஏன் அங்கே இருக்கிறது என்று கேட்கும் பழக்கம் இல்லாததற்கு அது ஒரு சாட்சி.

நான் முன்பு சொன்ன கேள்விக்கு, தலைப்புக்கு அடுத்த பத்தி ஏன் உள்ளே தள்ளுவதில்லை என்பதற்கு, விடை ஒரு கழித்தல் குறியில் இருக்கிறது. ஆர்ட்டிகிள் கிளாஸில் செக்‌ஷன் கட்டளையின் வரையறை நான்கு வரிதான். தலைப்புக்கு மேலே விட வேண்டிய இடம் அதில் −3.5 எக்ஸ் என்று எதிர்மமாக எழுதப்பட்டிருக்கும். எக்ஸ் (ex) என்பது அந்த எழுத்துருவின் சிறிய x எழுத்தின் உயரத்தை ஒட்டிய அளவு. இடம் எப்படி எதிர்மமாக இருக்கும்? இருக்காது. குறியை நீக்கிவிட்டு 3.5 என்ற அளவை மட்டும் இடமாக எடுத்துக்கொள்வார்கள். கழித்தல் குறி, அடுத்த பத்தியை உள்ளே தள்ளாதே என்பதற்கான அடையாளம். அந்த ஒரு குறியை நீக்கிவிட்டு மறுபடி ஓட்டிப் பாருங்கள் என்று நான் வகுப்பில் சொல்வேன். பத்தி உள்ளே நகர்கிறது. அந்த நொடியில் அந்தப் பிள்ளைகளின் முகத்தில் வரும் மாற்றத்தை நீங்கள் பார்க்க வேண்டும். பதினைந்து கட்டளைகளைப் பட்டியலிட்டு மனப்பாடம் செய்யச் சொன்னால் அது வராது.

இதற்குக் குறுக்கே நிற்பது @ குறிதான். மூலக் கோப்புகளில் கட்டளைப் பெயர்களுக்கு நடுவே அது வந்துகொண்டே இருக்கும். வெறும் பூஜ்யப் புள்ளியைக் கூட இசட்டோடு @ சேர்த்து எழுதியிருப்பார்கள். நினைவகத்தை மிச்சப்படுத்த அந்தக் காலத்தில் கண்டுபிடித்த சுருக்கம். பார்க்கிறவருக்கு ஏதோ மந்திரம் போலத் தெரியும். உண்மையில் விஷயம் சிறியது. டெக் ஒவ்வோர் எழுத்தையும் 16 வகைகளில் ஒன்றில் சேர்க்கிறது. கிளாஸ், பேக்கேஜ் கோப்புகளைப் படிக்கும்போது மட்டும் @ ஓர் எழுத்தாகக் கருதப்படுகிறது, நம்முடைய ஆவணத்தில் அப்படிக் கருதப்படுவதில்லை. உள் கட்டளைகளைப் பயனர் தெரியாமல் மாற்றிவிடாதபடி போட்ட வேலி. மேக்அட்லெட்டர் என்ற கட்டளை அந்த வேலியைத் திறக்கிறது. இதை ஒரு பத்தியில் சொல்லிவிடலாம். சொல்லாததால் எத்தனை பேர் அந்தக் குறியைக் கண்டவுடன் கோப்பை மூடியிருப்பார்கள்!

ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் நடந்ததைப் பதிவுசெய்யும் லாக் கோப்பும் படிக்க வேண்டிய கோப்புதான். அதைப் பற்றி உங்கள் கையேடுகளில் ஒரு பக்கமாவது இருக்க வேண்டும், அதுவும் முதல் அத்தியாயத்திலேயே. படத்தின் கோப்புப் பெயரில் அடிக்கோடு இருக்கிறது என்று வையுங்கள். அந்தப் பெயரை அப்படியே பத்திக்குள் எழுதினால், டாலர் குறி விடுபட்டிருக்கிறது, சேர்த்துவிட்டேன் என்று பிழை வரும். டாலரே எழுதாத புதியவர் குழம்பிப்போகிறார். அடிக்கோடு கணிதத்துக்குரியது, ஆகவே நீங்கள் கணிதத்தைத் தொடங்க மறந்துவிட்டீர்கள் என்று டெக் ஊகித்துக்கொண்டது. அது தான் செய்த வைத்தியத்தைச் சொல்கிறது, உங்கள் நோயை அல்ல. நோய் எங்கே என்பது அடுத்த சில வரிகளில் இருக்கிறது. வரி எண்ணோடு உங்கள் வாக்கியம் இரண்டாக உடைத்துக் காட்டப்பட்டிருக்கும். மேல் வரியில் டெக் இதுவரை படித்தது, கீழ் வரியில் இன்னும் படிக்காதது. மேல் வரி மிகச் சரியாக அந்த அடிக்கோட்டில் முடிந்திருக்கும். இவ்வளவு துல்லியமாக இடத்தைச் சுட்டுகிற செய்தியைப் படிக்கத் தெரியாமல், கோப்பை முழுவதுமாக அழித்துவிட்டு மறுபடி தொடங்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன். லாக் கோப்பில் வரும் அடைப்புக்குறிகளும் அப்படித்தான். ஒரு கோப்பைத் திறக்கும்போது ஓர் அடைப்புக்குறி திறக்கிறது, மூடும்போது மூடுகிறது. எந்தெந்தக் கோப்புகள் எந்த வரிசையில் வந்தன, அவை கணினியில் எங்கே இருக்கின்றன என்ற முழு வரைபடமும் அதில் இருக்கிறது. மூலத்தைத் தேடிப் போகிறவருக்கு முதல் வழிகாட்டி அதுவே.

பேக்கேஜ் எழுதுகிறவர்களிடம் தனியாக ஒன்று கேட்க வேண்டும். உங்கள் டிடிஎக்ஸ் கோப்புகளில் முதல் பாதி, அதாவது பயனருக்கான பகுதி, பெரும்பாலும் நன்றாக இருக்கிறது. நிரல் தொடங்கும் இடத்தில் பலர் பேச்சை நிறுத்திவிடுகிறீர்கள். அல்லது, 'இங்கே இந்த மாறியை ஒன்று என்று வைக்கிறோம்' என்று நிரலையே வாக்கியமாகத் திருப்பிச் சொல்கிறீர்கள். ஒன்று என்று வைப்பது எங்களுக்கும் தெரிகிறது. ஏன் ஒன்று, சுழி வைத்தால் எது உடைந்தது, எந்தப் பேக்கேஜோடு மோதியது என்பதை எழுதுங்கள். கிளாசஸ் கோப்பில் அந்த 345க்கு மேலே இருக்கும் இரண்டு வாக்கியங்கள்தான் எனக்கு முன்மாதிரி. லாடெக்கின் புதிய நிரல் மொழியான எக்ஸ்பிஎல்3 நடையில் எழுதப்படும் புதிய பேக்கேஜ்களில் பெயரிடும் முறை ஒழுங்காக இருக்கிறது, அது பெரிய வசதி. பெயர் ஒழுங்காக இருப்பதாலேயே விளக்கம் வேண்டாம் என்று நினைத்துவிடாதீர்கள்.

தமிழில் கையேடு எழுதுவோருக்கு ஒரு நல்ல வாய்ப்பு இருக்கிறது. நிரல் என்று சொல்லவே முடியாத, தமிழ் தெரிந்த எவரும் படித்துவிடக்கூடிய ஒரு மூலக் கோப்பு நம்மிடம் உண்டு. தமிழ்ச் சொற்களை வரியின் கடைசியில் எங்கே உடைக்கலாம் என்று சொல்லும் கோப்பு. டெக்கோடு சேர்ந்தே வருகிறது. கனூத்தின் மாணவர் ஃபிராங்க் லியாங் 1983இல் தம் ஆய்வேட்டில் வகுத்த முறைப்படி, எழுத்துகளுக்கு இடையே எண்களை வைத்திருப்பார்கள். ஒற்றைப்படை எண் என்றால் உடைக்கலாம், இரட்டைப்படை என்றால் கூடாது. இரண்டு எண்கள் மோதினால் பெரியது வெல்லும். 'அ'வுக்குப் பின்னால் 1. புள்ளிக்கு முன்னால் 2, ஏனென்றால் எழுத்து ஒரு வரியிலும் அதன் புள்ளி அடுத்த வரியிலும் போய் நிற்க முடியாது. மெய்யெழுத்தில் வரி தொடங்கக் கூடாது என்பது நம் அச்சகங்களில் வழிவழியாகச் சொல்லிவந்த விதி. அந்த விதியை இந்தக் கோப்பு எவ்வளவு தூரம் காப்பாற்றுகிறது என்று மாணவரையே தேடச் சொல்லுங்கள். பள்ளிக்கூட இலக்கணம் இங்கே நேரடியாக வேலை செய்வதை அவர் பார்ப்பார். இதைவிடச் சிறந்த முதல் பாடம் எனக்குத் தோன்றவில்லை.

அதேபோல, 'இயல் 1' என்று வர வேண்டிய இடத்தில் வேறு சொல் வந்தால், அந்தச் சொல் பன்மொழிப் பேக்கேஜான பாலிகுளோசியாவின் தமிழ்க் கோப்பில் ஒரே ஒரு வரியில் இருக்கிறது என்று காட்டுங்கள். 'கொ' என்ற எழுத்து கொம்பும் காலும் இடம் மாறிச் சிதறினால், எழுத்துருவைக் குறை சொல்வதற்கு முன், எழுத்துருவைத் தேர்ந்தெடுக்கும் பேக்கேஜான ஃபான்ட்ஸ்பெக்கில் ஸ்கிரிப்ட் தமிழ் என்று கொடுத்திருக்கிறோமா என்று பார்க்கச் சொல்லுங்கள். லாடெக்கின் இன்னொரு வடிவமான லுவாலாடெக் என்றால் ரெண்டரர் ஹார்ஃப்பஸ் என்பதையும் சேர்க்க வேண்டும். டெக் மென்பொருள்களின் தொகுப்பான டெக்லைவின் 2020 வெளியீட்டிலிருந்து அந்த வசதி உள்ளேயே இருக்கிறது. தமிழுக்கு டெக் ஒத்துவராது என்று கைவிட்டவர்கள் பலர் இந்த இரண்டு சொற்களில்தான் இடறியிருக்கிறார்கள்.

நான் கேட்பது பெரிய வேலை அல்ல. இருக்கும் கையேட்டைத் தூக்கி எறிய வேண்டாம். கடைசியில் ஓர் அத்தியாயம் சேருங்கள். ஆர்ட்டிகிள் கிளாஸை எடுத்துக்கொண்டு, வாசகரோடு உட்கார்ந்து, ஆயிரம் வரியைக்கூட எட்டாத அந்தக் கோப்பிலும் அதோடு சேர்ந்த எழுத்தளவுக் கோப்பிலுமாக மூன்று இடங்களையாவது வரிக்கு வரி படித்துக் காட்டுங்கள். எழுத்து அகலம், செக்‌ஷன் வரையறை, மூன்றாவதை நீங்களே தேர்ந்தெடுங்கள். கடினமான பத்தி வந்தால் அபாயக் குறியை ஓரத்தில் வையுங்கள், பத்தியை எடுத்துவிடாதீர்கள்.

அப்படி ஓர் அத்தியாயத்தை யாராவது எழுதினால், தமிழானாலும் ஆங்கிலமானாலும், வரைவு நிலையிலேயே எங்களுக்குக் கொடுங்கள். வகுப்புக்கு வரும் அடுத்த அணியோடு அதை ஒரு கட்டளை விடாமல் ஓட்டிப் பார்த்து, எந்த வாக்கியத்தில் அவர்கள் நின்றுபோனார்கள், எந்த வரியில் கேள்வி கேட்டார்கள் என்று ஓரக்குறிப்புகளோடு திருப்பித் தருகிறோம். அதற்கான நேரத்தை இப்போதே ஒதுக்கிவிட்டேன்.

அன்புடன்,
பக்க அமைப்புத் துறையிலிருந்து ஒரு லாடெக் பயிற்றுநர்